சாகவிடாத கதைகள்

1986ஆம் ஆண்டு மே 16, வெள்ளிக்கிழமை இரவு. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'டாலஸ்' தொடரின் அந்த ஆண்டு சீசன் முடிகிறது. பாம் யூயிங் தூங்கி எழுகிறாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். கதவைத் திறந்தால் உள்ளே குளித்துக்கொண்டிருப்பவன் பாபி யூயிங். ஓராண்டுக்கு முன் அவளைக் காப்பாற்றப்போய்க் கார் மோதி இறந்து, அடக்கமும் முடிந்துபோனவன். விளக்கம் செப்டம்பரில் வந்தது. இடையில் ஒளிபரப்பான 31 அத்தியாயங்களும் பாம் கண்ட கனவாம்!

உண்மைக் காரணம் எளிது. பாபியாக நடித்த பேட்ரிக் டஃபி 1985இல் விலகினார். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் இரண்டாம் இடத்தில் இருந்த தொடர், அவர் இல்லாத ஆண்டில் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. பாபியின் மூத்த அண்ணன் ஜே.ஆராக நடித்த லாரி ஹாக்மன் பேசிப் பார்த்தார், டஃபி திரும்பினார். செத்தவனை எழுப்ப வேறு வழி கிடைக்காததால் ஓராண்டுக் கதையையே அழித்தார்கள். அந்த ஆண்டில் பாம் செய்துகொண்ட திருமணம், மற்றவர்கள் பட்ட பாடு எல்லாம் நடக்காதவை ஆயின. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. 'டாலஸி'லிருந்து பிரிந்த கிளைத்தொடரான 'நாட்ஸ் லேண்டிங்'கில் பாபியின் அண்ணன் கேரி இருந்தான். தம்பிக்காக அங்கே துக்கம் காத்தாகிவிட்டது. அந்தத் தொடர்க்காரர்கள் தங்கள் கதையைக் கனவாக்க மறுத்தார்கள். ஆகவே ஒரே குடும்பத்தில், வியாழக்கிழமைத் தொடரில் பாபி செத்தவன், வெள்ளிக்கிழமைத் தொடரில் உயிரோடிருப்பவன். அடுத்த ஆண்டு 'டாலஸ்' பதினோராம் இடத்துக்குப் போயிற்று.

இன்றுவரை கேலிக்கு உரியதாகவே இதைப் பேசுகிறார்கள். எனக்கு இதில் ஒருவகை நேர்மை தெரிகிறது. பிற்காலத்தின் மதிப்புமிக்க தொடர்கள் ஒப்பனை போட்டுச் செய்ததை 'டாலஸ்' பட்டவர்த்தனமாகச் செய்தது, அவ்வளவுதான்.

நல்ல தொடர்கள் ஏன் நாலைந்து சீசனுக்குப் பிறகு நீர்த்துப்போகின்றன என்று கேட்டால், எழுதுபவர்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்பதே வழக்கமான பதில். பார்ப்பவருக்கே சலித்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் போதாது. சரிந்த தொடர்களை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. முதல் சீசன்களில் ஒருவர் செய்யும் செயலுக்கு ஒரு விலை இருக்கும். பொய் சொன்னவன் அகப்படுவான், கொன்றவனைக் கொலை துரத்தும். தொடர் நீடித்தாகவேண்டும், அல்லது குறித்த நாளில் முடிந்தாகவேண்டும் என்ற வெளித்தேவை வந்ததும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகிறது. செயல் இருக்கும், விளைவு இராது. பின்னால் விளைவு இருக்கும், அதற்கான செயல் இராது. வெளித்தேவையைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் கதை எழுதுபவர் அல்லர். இங்கே நான் பேசுவது அமெரிக்கத் தொடர்களைப் பற்றி மட்டுமே. நம் ஊர் மெகாத்தொடர்களின் கணக்கு முற்றிலும் வேறு.

முதலில் பணம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் இருந்த ஏற்பாட்டின்படி, ஒரு தொடரைத் தயாரிக்கும் ஸ்டுடியோவுக்கு ஒளிபரப்பும் நிறுவனம் கொடுக்கும் தொகை செலவுக்கே காணாது. ஸ்டுடியோ நஷ்டத்தில் ஓட்டும். லாபமெல்லாம் மறுஒளிபரப்பு உரிமையை ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு விற்பதில். தினம் ஒன்றாக ஒளிபரப்பத் தோதாக ஏறக்குறைய 100 அத்தியாயங்கள் கையிருப்பு வேண்டும் என்பது வாய்மொழி விதி. ஆண்டுக்கு 22 அத்தியாயம் என்றால் ஐந்தாவது சீசனில்தான் அந்த எண் வரும். அதாவது, கதை இயல்பாக முடியக்கூடிய கட்டத்தில்தான் தொடர் ஸ்டுடியோவுக்குச் சம்பாதித்துக் கொடுக்கவே தொடங்குகிறது. அந்த நேரத்தில் போய் முடித்துக்கொள்கிறோம் என்றால் யார் கேட்பார்கள்? நடிகர் ஒப்பந்தமும் இந்தக் கணக்கோடு சேர்ந்துகொள்கிறது. தனிநபர் சேவை ஒப்பந்தத்துக்குக் கலிஃபோர்னியச் சட்டம் ஏழு ஆண்டு வரம்பு வைத்திருக்கிறது. ஆறேழு ஆண்டில் முதல் ஒப்பந்தம் தீர்ந்ததும் நட்சத்திரங்கள் விலகுவார்கள், அல்லது சம்பளத்தைப் பன்மடங்கு உயர்த்துவார்கள். ஒளிபரப்புபவரும் அப்போது விட்டுவிட மாட்டார். 1998இல் 'ஈஆர்' என்ற மருத்துவமனைத் தொடரைக் கைவிட மனமில்லாமல் அத்தியாயத்துக்குச் சுமார் 1.3 கோடி டாலர் கொடுக்க என்பிசி ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே ஜார்ஜ் குளூனி விலகினார். தொடர் 2009 வரை ஓடி 331 அத்தியாயம் கண்டது.

'ஈஆர்' பெரிதாகக் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதன் அமைப்பு அப்படி. வாரம் ஒரு நோயாளி வருவார், பிழைப்பார் அல்லது சாவார். கதை அன்றைக்கே தீர்ந்துவிடும். மருத்துவர்கள் மாறினாலும் அவசர சிகிச்சைப் பிரிவு மாறாது. 1990இல் தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்' இருபது ஆண்டு ஓடி நின்று 2022இல் மறுபடி வந்ததும் இதே தெம்பில்தான். சரிவு என்ற நோய் தாக்குவது ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் கொண்டுசெல்லும் தொடர்களை. விமர்சகர்கள் எவற்றை உயர்ந்தவை என்று கொண்டாடினார்களோ, அவையே இதில் அதிகம் அடிபட்டன.

எழுதுபவர் விலகினால் என்ன ஆகும் என்பதற்கு 'தி வெஸ்ட் விங்' நல்ல சோதனைக்கூடம். வெள்ளை மாளிகை அதிகாரிகளைப் பற்றிய இந்தத் தொடர் 1999இல் தொடங்கி, சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதை 2000 முதல் 2003 வரை நான்கு முறை தொடர்ந்து பெற்றது. அந்த நான்கு சீசன்களின் அத்தியாயங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தொடரை உருவாக்கிய ஆரன் சார்கினின் கை இருந்தது. ஆண்டுக்கு 22 அத்தியாயத்தை ஒருவரே எழுதுவதென்றால் வசனம் தாமதமாகும், படப்பிடிப்பு தள்ளிப்போகும், செலவு ஏறும். 2003இல் சார்கினும் இயக்குநர் தாமஸ் ஷ்லாமியும் விலகினார்கள். போகிறபோது சார்கின் கதையை விட்டுப்போன இடம் விசேஷமானது: அதிபரின் மகள் கடத்தப்பட்டிருக்கிறாள், அதிபர் பதவியைத் தற்காலிகமாக எதிர்க்கட்சிச் சபாநாயகரிடம் ஒப்படைத்துவிட்டார். பின்னால் வந்த ஜான் வெல்ஸ் இந்தச் சிக்கலை அவிழ்த்தே தொடங்கவேண்டியிருந்தது.

ஐந்தாவது சீசன் தடுமாறியது. மகள் கிடைத்துவிட்டாள், அதிபர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்; நாட்டையே உலுக்கியிருக்கவேண்டிய நிகழ்வு மெல்லமெல்ல மறக்கப்பட்டது. முன்பு வேகமாக நடந்துகொண்டே வாதிட்டவர்கள் இப்போது ஒருவர்மீது ஒருவர் எரிந்து விழுந்தார்கள். தாம் விலகிய பிறகு வந்ததை ஒரு நிமிடத்துக்குமேல் பார்க்க முடியவில்லை என்று சார்கினே பின்னாளில் சொன்னார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதிபரின் பதவிக்காலம் அரசியல் சட்டப்படி முடிந்தாகவேண்டும் என்ற உண்மையை வெல்ஸ் பிடித்துக்கொண்டார். ஆறாவது, ஏழாவது சீசன்கள் அடுத்த அதிபர் தேர்தலுக்குப் போயின. ஜிம்மி ஸ்மிட்ஸ் ஏற்ற ஹிஸ்பானிய வேட்பாளர் சான்டோஸை வரைய, அப்போது அதிகம் அறியப்படாத பராக் ஒபாமாவை முன்மாதிரியாகக் கொண்டார்கள். எதிரணி வேட்பாளர் வினிக்காக ஆலன் ஆல்டா எம்மி வாங்கினார். தொடர் சார்கினுடையது போல இல்லை, ஆனாலும் நன்றாக இருந்தது. சலிப்புதான் சரிவுக்குக் காரணம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும். ஆறாண்டு பார்த்தவர்களுக்கு ஏழாவது ஆண்டில் எப்படி மறுபடி ருசித்தது? தவிர்க்க முடியாத முடிவு ஒன்று கதைக்குள் திரும்ப வந்தது, அதனால்தான்.

முடிவைத் தவிர்ப்பதையே தொழிலாகக் கொண்ட தொடர் 'டெக்ஸ்டர்'. ஜெஃப் லிண்ட்ஸேயின் நாவலிலிருந்து ஷோடைம் 2006இல் எடுத்தது. மயாமி காவல்துறையில் இரத்தத் தெறிப்பை ஆராயும் நிபுணன் டெக்ஸ்டர். இரவில் அவனே தொடர்கொலைகாரன். சட்டத்திடமிருந்து தப்பிய கொலைகாரர்களை மட்டும் கொல்லவேண்டும் என்று வளர்ப்புத் தந்தை ஒரு நெறியைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இந்தக் கதையை இழுப்பது ஒரே கேள்வி: எப்போது மாட்டுவான்? நான்காவது சீசன் அதன் உச்சம். ஜான் லித்கோ ஏற்ற 'டிரினிட்டி' கொலைகாரன் வெளியில் குடும்பஸ்தன். அவனிடம் குடும்பத்தையும் கொலையையும் ஒருசேர வைத்துக்கொள்ளும் வித்தையைக் கற்கலாம் என்று டெக்ஸ்டர் அவனைப் பிடிக்காமல் காலம் கடத்துகிறான். அந்தத் தாமதத்துக்கான விலை, 2009 டிசம்பரில் ஒளிபரப்பான கடைசிக் காட்சியில் கிடைக்கிறது: மனைவி ரீட்டா குளியல் தொட்டியில் பிணமாக, கைக்குழந்தை அவள் இரத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. டெக்ஸ்டர் சின்ன வயதில் தன் தாயின் இரத்தத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சியில் காரணமும் காரியமும் இவ்வளவு இறுக்கமாகப் பூட்டிக்கொண்ட இடங்கள் அதிகம் இல்லை.

அந்தச் சீசனோடு தொடரை நடத்திவந்த கிளைட் பிலிப்ஸ் விலகினார். பிறகு நான்கு சீசன். உடன் வேலைசெய்யும் துப்பறிவாளர்கள் கண்ணெதிரே கிடக்கும் தடயத்தைக் காணத் தவறினார்கள். உண்மையை நெருங்கியவர்கள், டெக்ஸ்டர் கையாலன்றி வேறு யாராலாவது செத்துப்போனார்கள். அவன் நல்ல பெயருக்குப் பங்கம் வரக்கூடாதல்லவா? ஆறாவது சீசனில் தங்கை டெப்ராவுக்கு அவன்மீது காதல் என்று ஒரு திருப்பம் வந்தது. நடிகர்கள் முகத்தில்கூட அதை நம்பிய அடையாளம் எனக்குத் தெரியவில்லை. 2013 செப்டம்பரில் கடைசி அத்தியாயம்: டெப்ரா சாகிறாள், டெக்ஸ்டர் படகோடு புயலுக்குள் போகிறான். சரி, ஒருவழியாகச் செத்தான் என்று நினைத்தால், அடுத்த காட்சியில் தாடியோடு எங்கோ மரம் வெட்டிக்கொண்டிருக்கிறான். அவனைக் கொல்ல ஷோடைம் அனுமதிக்கவில்லை என்று தயாரிப்பாளர் ஜான் கோல்ட்வின் பேட்டியிலேயே சொன்னார். பிலிப்ஸ் மனத்தில் இருந்த முடிவு வேறு. மரண தண்டனை மேசையில் டெக்ஸ்டர் படுத்திருக்க, அவனால் செத்தவர்கள் எல்லோரும் சுற்றிலும் நின்று பார்க்கிறார்கள்.

கவனிக்கவேண்டியது, அந்த மரவெட்டி அத்தியாயத்தை முதல் ஒளிபரப்பில் 28 லட்சம் பேர் பார்த்தார்கள். அதுவரை எந்த 'டெக்ஸ்டர்' அத்தியாயத்துக்கும் வராத கூட்டம். தரம் விழுந்து நான்கு ஆண்டான பிறகும் பார்வையாளர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. முடிவைப் பார்த்துவிடவேண்டும் என்று பழைய பாசத்தில் வருகிறவர்களும், முந்தைய சீசன்களைப் பின்னால் பார்த்துப் புதிதாகச் சேர்ந்தவர்களும் சேர்ந்த எண்ணிக்கை அது. நிறுவனம் நம்பும் ஒரே அளவுகோல் இவ்வளவு தாமதமாக வேலை செய்தால் சரிவு அவர்களுக்கு எப்படித் தெரியும்? 2021இல் பிலிப்ஸ் திரும்பி வந்து 'நியூ பிளட்' என்ற தொடர் எடுத்தார்; அதன் முடிவில் மகன் கையால் டெக்ஸ்டர் சுடப்பட்டான். ரசிகர்கள் திட்டினாலும், கதைக்கு ஒரு கணக்கு தீர்ந்தது. 2025இல் 'ரிசரெக்ஷன்' வந்தது. டெக்ஸ்டர் கோமாவிலிருந்து கண்விழித்தான்! பாபி யூயிங்காவது ஒரு முறைதான் எழுந்தான்.

'தி வாக்கிங் டெட்' என்ற ஜாம்பித் தொடரில் இதே வியாதி ஊரறிய முற்றியது. ஐந்தாவது சீசனின் முதல் அத்தியாயத்தை அமெரிக்காவில் 1.73 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆறாவது சீசனில் முக்கியப் பாத்திரமான கிளென் செத்துவிட்டான் என்று காட்டி, சில வாரம் தவிக்கவிட்டு, குப்பைத்தொட்டிக்கு அடியில் புகுந்து தப்பினான் என்றார்கள். சீசன் முடிவில் வில்லன் நீகன் யாரையோ மட்டையால் அடித்துக் கொல்கிறான், யாரை என்று சொல்லாமல் நிறுத்தினார்கள். ஏழாவது சீசன் தொடக்கத்தில் அதே மட்டைக்குக் கிளெனும் பலியானபோது, ஒருமுறை ஏமாற்றி வாங்கிய அழுகையை மறுபடி கேட்கிறார்கள் என்ற கசப்பே பலருக்கு மிஞ்சியது. கூட்டம் கலையத் தொடங்கியது அங்கிருந்துதான். கடைசிச் சீசன் முடிவதற்கு முன்பே டேரிலுக்கும், மேகிக்கும் நீகனுக்கும் தனித் தொடர்கள் அறிவித்துவிட்டார்கள். உயிர்பிழைப்பதைப் பற்றிய கதையில் யார் பிழைப்பார்கள் என்பதைப் பத்திரிகைச் செய்தியிலேயே சொன்ன தொடர் இது. 2022இல் முடிந்தபோது பார்த்தவர்கள் சுமார் 23 லட்சம். மூலக் காமிக்ஸை எழுதிய ராபர்ட் கிர்க்மன், 2019இல் 193ஆவது இதழோடு முன்னறிவிப்பே இல்லாமல் தன் கதையை முடித்துக்கொண்டார். கதை அவருடையது, அவரால் முடிந்தது.

'லாஸ்ட்' பற்றிச் சுருக்கமாக. மூன்றாவது சீசனில், நாயகன் ஜாக்கின் பச்சைகுத்தல் எப்படி வந்தது என்பதற்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் செலவழித்தார்கள். யாருக்கும் தேவைப்படாத அந்த அத்தியாயமே தங்கள் பேரத்துக்கு உதவியது என்று தொடரை நடத்திய டேமன் லிண்டலாஃப் பின்னர் சொல்லியிருக்கிறார்: முடிவுத் தேதி தராவிட்டால் இனி இப்படித்தான் இருக்கும். 2007 மே மாதம் ஏபிசி இன்னும் மூன்று சீசனோடு முடிக்க இசைந்தது. நன்றாக ஓடும் தொடருக்கு மூன்றாண்டு முன்பே நாள் குறித்தது அப்போது அபூர்வம். அதற்குப் பின் வந்த நான்காவது சீசன் உயிரோட்டமாக இருந்தது. 2010இல் வந்த இறுதி அத்தியாயம் பற்றிய சண்டை தனி, அதற்குள் நான் போகவில்லை.

அப்படியானால் முடிவுத் தேதியை எழுதுபவர் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. நீட்டச் சொன்னது எச்பிஓ. இன்னும் சீசன்களுக்குப் பணம் தயாராக இருந்தது. முடிக்கவேண்டும் என்றவர்கள் அதை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி.பி. வைஸும். எழுபது மணிநேரக் கதை என்று அவர்கள் முன்பிருந்தே சொல்லிவந்தார்கள். 73 அத்தியாயத்தில் நிறுத்தினார்கள். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் ஐந்தாவது நூல், தொடர் தொடங்கிய அதே 2011இல் வந்தது; ஆறாவது நூல், தொடர் முடியும்வரை வரவில்லை. ஆறாவது சீசனிலிருந்து அவர்கள் கையில் இருந்தது சேருமிடங்களின் பட்டியல். போகும் வழியைத் தாங்களே போட்டுக்கொள்ளவேண்டியிருந்தது. அந்த நேரத்தில் சீசன்களைச் சுருக்கினார்கள். ஏழாவதற்கு ஏழு அத்தியாயம், எட்டாவதற்கு ஆறு.

வழி தொலைந்தால் என்ன ஆகும் என்பதைத் தூரத்திலேயே பார்க்கலாம். முதல் சீசனில் ராஜாவின் பரிவாரம் விண்டர்ஃபெல் வந்து சேர ஒரு மாதம் ஆகிறது. சாலையில் நடக்கும் சச்சரவுகளே கதையின் பாதி. ஏழாவது சீசனில், பனிச்சுவருக்கு அப்பால் உறைந்த ஏரியில் சிலர் சிக்கிக்கொள்ள, ஒருவன் கோட்டைக்கு ஓடி, பறவைத் தூது தெற்கே பறந்து, அங்கிருந்து அரசி டெனேரிஸ் டிராகன்களோடு வந்து சேர்வதெல்லாம் அவர்கள் குளிரில் விறைப்பதற்குள் நடந்துவிடுகிறது. முதல் சீசனில் நெட் ஸ்டார்க் எதிரியிடம் தன் திட்டத்தை நேர்மையாகச் சொன்னதற்குத் தலையைக் கொடுத்தார். பின்னாளில் வயிற்றில் கத்திக்குத்து வாங்கித் தண்ணீரில் விழுந்த அவர் மகள் ஆர்யா, ஓரிரு நாளில் தாவிக் குதித்து ஓடினாள்.

2019 மே மாதம், சரணடைந்துவிட்ட கிங்ஸ் லேண்டிங் நகரத்தை டெனேரிஸ் எரித்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். எட்டாவது சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி இணைய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். எனக்கு அந்தச் செயலில் குறையில்லை. அடிமைகளை விடுவித்தவளே ஊரை எரிப்பாள் என்பது வலுவான கதை, அதற்கான விதைகளும் முன்பே இருந்தன. ஆனால் அந்த விதை வளர்வதை நமக்குக் காட்டவில்லை. இரண்டு சீசனில் நடக்கவேண்டிய மனமாற்றத்தை இரண்டு அத்தியாயத்துக்குள் அடைத்தார்கள். கடைசி அத்தியாயத்தை அன்றிரவு மட்டும் 1.93 கோடிப் பேர் பார்த்தார்கள், எம்மியும் கிடைத்தது. இங்கும் எண்ணிக்கையும் விருதும் ஒன்றையும் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிரில் 'பிரேக்கிங் பேட்'. நாயகன் வால்டர் ஒயிட் ஒரு சிறுவனுக்கு விஷம் வைக்கும் அளவுக்குப் போகிறான். யாரும் மனுப் போடவில்லை. ஒவ்வொரு படியையும் அவனோடு நாமும் இறங்கியிருந்தோம். முன்திட்டம் இருந்ததால்தான் அது நின்றது என்று சொல்வார்கள், அது சரியல்ல. வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸி முதல் சீசனிலேயே சாகவேண்டியவன். கடைசிச் சீசனின் தொடக்கத்தில் வால்டர் ஒரு இயந்திரத் துப்பாக்கி வாங்குகிறான். அது எதற்கு என்று எழுதியவர்களுக்கே அப்போது தெரியாது என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் சொல்லியிருக்கிறார். திட்டத்தைவிட அவர்களிடம் இருந்தது பிடிவாதம்: போன அத்தியாயத்தில் செய்ததற்கு இந்த அத்தியாயத்தில் என்ன விலை என்று எழுத்தாளர் அறையில் விடாமல் கேட்டார்கள். ஏஎம்சி தொலைக்காட்சியில் 62 அத்தியாயத்தோடு 2013இல் முடித்தார்கள், முடிவை 1.03 கோடிப் பேர் பார்த்தார்கள். இன்னும் மூன்றே அத்தியாயம் எடுத்துத் தந்தால் 7.5 கோடி டாலர் தருவதாகத் தாம் கேட்டுப்பார்த்ததை ஹாலிவுட் தயாரிப்பாளர் ஜெஃப்ரி கேட்சன்பெர்க் பிறகு சொன்னார். அந்த மூன்று அத்தியாயம் வரவேயில்லை.

இப்போது ஓடிடி காலம். நூறு அத்தியாயக் கணக்கு செத்துவிட்டது. எட்டு, பத்து அத்தியாயச் சீசன்கள், இரண்டு மூன்றாண்டு இடைவெளி. நீட்டிக் கெடுக்கும் நோய் குறைந்திருக்கவேண்டும். ஆனால் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 2016இல் சிறுவர்களோடு தொடங்கி, 2022இல் நான்காவது சீசனுக்கு வரும்போது பள்ளி மாணவர் வேடம் பொருந்தாத இளைஞர்களோடு நின்றது. கதையில் கழிந்ததோ மூன்றாண்டுக்கும் குறைவு. இன்னொரு மாற்றம் வெளியில் தெரியாதது. படப்பிடிப்புக்கு முன்பே சிறு குழுவாக எழுதி முடித்து எழுத்தாளர்களை அனுப்பிவிடும் வழக்கம் பரவியது. தளத்தில் நின்று, எழுதியது நடிப்பில் எங்கே உடைகிறது என்று பார்த்துக் கற்கும் வாய்ப்பு இளையவர்களுக்கு இல்லாமல் போயிற்று. 2023இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்தாளர் அறைக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நாளை ஒரு தொடரின் ஐந்தாவது சீசனை யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்கு, புதிய தொழில்நுட்பத்தைவிட இந்த ஒரு பிரிவுதான் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: 'டெக்ஸ்டரை' நான்காவது சீசனோடு நிறுத்திவிடுங்கள், அந்தக் குளியல் தொட்டிக்குப் பிறகு ஒன்றுமில்லை. 'தி வெஸ்ட் விங்'கில் ஐந்தாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினால் ஆறும் ஏழும் பலன் தரும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸை' ஆறாவது சீசன்வரை பார்க்கலாம். மீதிக்கு மார்ட்டினின் நூலுக்குக் காத்திருப்பதே மேல். 'பிரேக்கிங் பேட்'டை மட்டும் தயக்கமின்றிக் கடைசிவரை பாருங்கள்.